மொடாவும் மரத்தொட்டியும்

'பிஞ்ச்' (binge) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் நிகரே கிடையாது என்று இன்னொரு இதழில் ஒரு கட்டுரை. அளவறிந்து குடிக்காத சமூகத்துக்கு அளவு மீறலைச் சொல்லத் தனிச்சொல் எதற்கு என்று அதற்குக் காரணம் வேறு. மொடாக்குடியன் என்ற வசவு கட்டுரையாளரின் காதில் விழுந்ததே இல்லை போலும். மிடா என்றால் பெரிய பானை, மொடா அதன் பேச்சு வடிவம். ஆங்கிலச் சொல்லின் பூர்வீகமும் பாத்திரம்தான். ஆங்கில வட்டார வழக்குத் தொகுப்புகளைப் புரட்டினால் லிங்கன்ஷயரில் அது மரத்தொட்டியை ஊறவைப்பதைக் குறித்தது தெரியவரும். காய்ந்த தொட்டியில் பலகைகள் சுருங்கி இடுக்கு விடும், ஊற்றியது ஒழுகும். ஊறவைத்தால் மரம் உப்பி இடுக்கு அடையும். 1854இல் வந்த நார்த்தாம்ப்டன்ஷயர் சொற்றொகுப்பில் அதே சொல் மதுக்கடைக்குப் போய் ஊறுகிறவனுக்கு வந்துவிட்டது. தமிழ்ச்சொல் கொள்ளளவை மட்டும் சொல்கிறது. ஆங்கிலச்சொல் தொட்டி காய்ந்து கிடந்ததையும் சொல்கிறது. வாரத்தில் ஆறு நாள் கட்டுமானத் தளத்தில் காய்ந்துவிட்டு ஞாயிறன்று சிங்கப்பூரின் தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியாவுக்கு, வருகிறவனுக்கு எது பொருந்தும்?

கட்டுரை காட்டும் சான்றும் தேக்காதான். அங்கே 2013 டிசம்பர் 8 அன்று நடந்த கலவரத்துக்கு மதுவும் ஒரு காரணம் என்று விசாரணைக் குழு சொன்னது, அதை மறுக்கவில்லை. ஆனால் 2015 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் எதை அளக்கிறது? தீவு முழுவதும் பொது இடங்களில் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை குடிக்கக் கூடாது. லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் மட்டும் சனி காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை அந்தத் தடை. ரேஸ் கோர்ஸ் சாலைப் புல்தரையில் ஞாயிறு மாலை ஒரு டின் பியர் குற்றம். பத்தடி தள்ளி, உரிமம் பெற்ற உணவகத்துக்குள் எட்டு கிளாஸ் போனாலும் இந்தத் தடை தொடாது. ஆக, அளக்கப்படுவது தெருவும் கிழமையும், குடித்த அளவல்ல. கேலாங் தமிழர் பேட்டை இல்லையே என்பார்கள். சரிதான், அங்கேயும் திறந்தவெளியில் குடிப்பது உள்ளே உட்காரக் காசில்லாதவன். 1932இல் தொடங்கிய தமிழர் சீர்திருத்தச் சங்கமே கள்ளை எதிர்த்ததே என்றும் கேட்கலாம். எதிர்த்தது, அதன் சண்டை கள்ளோடு, குடிக்கிறவன் உட்காரும் புல்லோடு அல்ல.

அந்த இதழின் பின்பக்கத்தில், பத்து மணி நேரத் தொடர் ஒன்றை ஒரே இரவில் பார்த்து முடித்தவரின் பத்தி இருக்கிறது. அங்கேயும் இதே 'பிஞ்ச்'தான், தலைப்பிலேயே, பெருமையாக.