இடது காதும் ஏசி/டிசியும்

போன மாதம் ஒரு நேயருக்கு நான் பெயர் மாற்றிவிட்டேன். காலை நிகழ்ச்சிக்கு அழைத்தவர் "சீதா பேசுறேன்" என்றார். "வணக்கம் கீதா!" என்றேன். அவர் திருத்தினார். நான் இன்னும் உற்சாகமாக "சொல்லுங்க கீதா" என்றேன். மூன்றாவது தடவை அவருக்கே அலுத்துப்போய், "சரி அண்ணா, பாட்டைப் போடுங்க" என்று விட்டுவிட்டார். அன்று முழுக்கப் புலனக் குழுவில் என் மானம் கப்பலேறியது. இணைப்பு சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அது பாதி உண்மை. வழக்கமான தொலைபேசி இணைப்பு 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலியை அனுப்புவதில்லை. 'சீ'யில் இருக்கும் அந்தக் காற்றுச் சத்தம் பெரும்பாலும் அதற்கு மேலேதான் இருக்கிறது. ஆனால், அதே இணைப்பில் பக்கத்தில் இருந்த தயாரிப்பாளருக்குச் சீதா என்றுதான் கேட்டிருக்கிறது. மீதிப் பாதி உண்மையைத் தெரிந்துகொள்ள, கொஞ்ச நாளாக இரவில் இடது காதுக்குள் 'ஙொய்' என்று ஒரு சத்தம் கேட்பதையும் சேர்த்துச் சொல்லி, ஒரு காது மருத்துவரைப் பார்த்தேன்.

கண்ணாடிக் கதவு போட்ட சின்ன அறை. ஒலிபரப்புக் கூடம் மாதிரியே இருந்தது. மைக் மட்டும்தான் இல்லை. சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். முடிந்ததும் மருத்துவர் வரைபடத்தைக் காட்டினார். வலது காதுக்கான கோடு ஒழுங்காகப் போகிறது. இடது காதுக்கான கோடு 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு குழியில் இறங்கி ஏறுகிறது.

"தம்பி, கச்சேரிக்கு நிறையப் போவீங்களா?"

"இந்த ஆண்டு எங்கே டாக்டர் கச்சேரி?"

"வேலையில எந்தக் காதில் ஹெட்போன் வைப்பீங்க?"

"இடது காதில்."

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. எழுதத் தொடங்கிவிட்டார்.

வானொலிக்காரர்களுக்கு இது ஒரு பழக்கம். ஒரு பக்கத்தைக் காதில் வைத்துக்கொண்டு மறுபக்கத்தைத் தள்ளிவிடுவோம், நம் சொந்தக் குரல் வெளியே எப்படிக் கேட்கிறது என்று தெரிந்துகொள்ள. பார்ப்பதற்கும் ஸ்டைலாக இருக்கும். படங்களில் வரும் அறிவிப்பாளர்கள் எல்லாம் அப்படித்தான் நிற்பார்கள். ஆனால் இரண்டு காதிலும் கேட்கும்போது மூளைக்கு அதே ஒலி இன்னும் உரக்கத் தெரியும். ஒரு காதை எடுத்துவிட்டால் அது குறைகிறது. கை தானாகவே குமிழைத் திருகி ஏற்றுகிறது. பத்து ஆண்டுகளாக என் இடது காது இரண்டு காதுக்குரிய வேலையைப் பார்த்திருக்கிறது. ஊடகவியல் படித்தபோது மைக்கிலிருந்து எவ்வளவு தூரத்தில் உட்கார வேண்டும் என்று ஒரு பருவம் முழுக்கச் சொல்லித் தந்தார்கள். காதைப் பற்றி ஒரு வகுப்புகூட நடந்ததாக நினைவில்லை. (நான் வராத நாளில் நடந்திருக்கலாம்.)

சரி, இந்தப் பத்தியில் ராக் எங்கே, கருவி எங்கே என்று கேட்பீர்கள். இரண்டும் வருகின்றன.

2020 நவம்பர் 13-ஆம் தேதி ஏசி/டிசியின் 'பவர் அப்' வெளிவந்தது. 2014-இல் வந்த 'ராக் ஆர் பஸ்ட்'டுக்குப் பிறகு அவர்கள் போட்டிருக்கும் முதல் ஆல்பம். 12 பாட்டு, 41 நிமிடம். ஒரே ஆல்பத்தைத்தான் இவர்கள் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள் என்ற கிண்டல் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இருக்கிறது. அது பொய்யும் இல்லை. ஆனால் ரொட்டி சானாய் போடுபவரிடம் போய் "நேற்றும் இதைத்தானே போட்டீங்க" என்று யாராவது சண்டை பிடிப்போமா?

மருத்துவரிடம் போய் வந்த அன்றே இதைக் கேட்டேன். வழக்கத்தைவிடப் பாதி சத்தத்தில் கேட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தானோ என்னவோ, கிட்டார்களுக்கு அடியில் பில் ரட் தட்டும் டிரம்ஸ் முதன்முறையாகத் தெளிவாகக் காதில் விழுந்தது. அவசரமே இல்லாத கை. தனக்குப் பின்னால் வருகிற பேருந்துக்காக நிற்கிறவர் மாதிரி ஒரு நிதானம். 'டீமன் ஃபயர்' அடிக்குரலில் உறுமலாகத் தொடங்கி ஓட்டமாக முடிகிறது. காரில் போகும்போது போடாதீர்கள், வேகப் பிடிப்புக் கேமராவில் மாட்டுவீர்கள். 'விட்சஸ் ஸ்பெல்', 'மனி ஷாட்' இரண்டும் வந்த சுவடு தெரியாமல் போகின்றன. எனக்குப் பிடித்தது 'த்ரூ தி மிஸ்ட்ஸ் ஆஃப் டைம்'. ஏசி/டிசி பாட்டில் ஏக்கம் இருக்கும் என்று சொன்னால் சிரிப்பார்கள், இதில் இருக்கிறது.

காரணமும் இருக்கிறது. தம்பி ஆங்கஸ் யங்கோடு இந்தக் குழுவைத் தொடங்கிய மால்கம் யங், நினைவிழப்பு நோயால் 2014-இல் விலகி, 2017 நவம்பரில் இறந்துபோனார். இந்த 12 பாட்டுக்கும் இசையமைப்பு ஆங்கஸ், மால்கம் என்று இருவர் பெயரிலும்தான் போட்டிருக்கிறார்கள். அண்ணனும் தம்பியும் சேர்ந்து முன்பு போட்டுவைத்த மெட்டுகளைத் தம்பி எடுத்து முடித்திருக்கிறார். மால்கம் வாசிக்க வேண்டிய இடத்தில் அவர்களுடைய அண்ணன் மகன் ஸ்டீவி வாசிக்கிறார். முன்பு பாடகர் பான் ஸ்காட் இறந்தபோதும் சில மாதத்திலேயே 1980-இல் 'பேக் இன் பிளாக்' போட்டவர்கள் இவர்கள். துக்கம் விசாரிக்கப் போனால் இந்த வீட்டில் ஆம்ப்ளிஃபையரைத்தான் முதலில் போடுவார்கள் போலிருக்கிறது.

ஆனால் இந்தத் தடவை என்னை உட்கார வைத்தவர் பாடகர் பிரையன் ஜான்சன். ஆல்பம் வந்தபோது வயது 73. 2016 மார்ச்சில் மருத்துவர்கள் அவரிடம், மேடைப் பயணத்தை உடனே நிறுத்தாவிட்டால் காது முழுவதும் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். பாதியில் நின்ற பயணத்தை ஆக்சல் ரோஸை வைத்து முடித்தார்கள். நாற்பது வருடம் ஆம்ப்ளிஃபையர் சுவருக்கு முன்னால் நின்றவர், ஆகவே போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன். அவர் சொல்வது வேறு. அவருக்குக் கார் பந்தயப் பித்து உண்டு. ஒரு பந்தயத்தில் காதடைப்பான் வைக்க மறந்து உட்கார்ந்ததுதான் ஆரம்பம் என்கிறார்.

பிறகு, மேடைக் கலைஞர்கள் காதுக்குள் மாட்டிக்கொள்ளும் மானிட்டர்களை முதன்முதலில் உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டீபன் ஆம்ப்ரோஸ் அவரைத் தேடி வந்திருக்கிறார். ஜான்சன் சொல்லும் விவரப்படி, முதலில் கொண்டுவந்த கருவி கார் பேட்டரி மாதிரி இருந்ததாம். அதைச் சுருக்கிச் சுருக்கிக் கொண்டுவந்து, மண்டை எலும்பு வழியாகவே ஒலியை வாங்கிக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். அதை மாட்டிக்கொண்டு முழுக் குழுவோடு ஒத்திகை வரை போனார்கள். அதற்குள் கொரோனா வந்து மேடையை மூடிவிட்டது.

இதே ஊர்க்காரர்களில் இன்னொருவர், தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட். மேடையில் கிட்டாரை உடைத்தே பேர் வாங்கியவர். அவர் காதில் பல ஆண்டுகளாக இரைச்சல். அவர் மேடையைவிட அதிகமாகக் குற்றம் சொல்வது ஒலிப்பதிவுக் கூடத்தில் மாட்டிய ஹெட்போனை. ஐபாட் தலைமுறையையும் பல வருடங்களுக்கு முன்பே எச்சரித்தார். அப்போது நான் கல்லூரியில் இருந்தேன். அதைப் படித்த ஞாபகமும் இருக்கிறது. கிழவர் புலம்புகிறார் என்று அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன்.

கணக்கைச் சொல்கிறேன். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது. அதனால் நேரம் பாதியாகிறது. 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி, 89-இல் 5 மணி. எங்கள் கூடத்தில் ஒரு மீட்டரை ஹெட்போனோடு ஒட்டிவைத்துப் பார்த்தேன். ஆய்வுக்கூடத் துல்லியம் இல்லை, ஆனாலும் 89-ஐத் தொட்டது. என் நிகழ்ச்சி காலை 6 முதல் 10 வரை. திங்கட்கிழமை 4 மணி நேரம் போகிறது. ஆக, செவ்வாய்க்கிழமை 7 மணிச் செய்தி தொடங்கும்போது என் இடது காதுக்கான வார ஒதுக்கீடு முடிந்துவிடுகிறது. மீதி எல்லாம் கடன். உள்காதில் ஒலியை வாங்கும் அந்த மயிரணுக்கள் செத்தால் திரும்ப முளைக்காது. இந்தக் கடனை அடைக்கவும் வழியில்லை.

இனி கருவிக்கு வருவோம். நண்பர் ஒருவர் தன்னுடைய சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4 ஹெட்போனை இரண்டு வாரத்துக்குத் தந்தார். 2020 ஆகஸ்ட்டில் வந்தது. வெளிச்சத்தத்தை அடக்கும் வகை: வெளியே உள்ள சின்ன மைக்குகள் சுற்றுச் சத்தத்தைக் கேட்டு, அதற்கு நேரெதிரான அலையை உள்ளே உண்டாக்க, இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. குளிர்சாதன இரைச்சல், ரயில் உறுமல் மாதிரி ஒரே சீராக வரும் தாழ்ந்த சத்தத்துக்கு இது கில்லாடி. பக்கத்து இருக்கைக்காரர் தொலைபேசியில் மாமியார் சண்டை போட்டால் அது ஓரளவு கேட்கத்தான் செய்யும்.

பேச ஆரம்பித்தால் பாட்டைத் தானாக நிறுத்தும் வசதி ஒன்றும் இதில் உண்டு. எல்.ஆர்.டி.யில் ஆள் குறைவாக இருக்க, முகக்கவரிக்குள் 'ஷாட் இன் தி டார்க்'கை முணுமுணுத்தேன். பாட்டு நின்றது. பயந்துபோய்க் கழற்றிப் பார்த்தேன். மறுபடி முணுமுணுத்தேன், மறுபடி நின்றது. பேசிப் பிழைப்பவனுக்கு ஏற்ற வசதி இல்லை, அணைத்துவிட்டேன். அப்படி அணைக்க முடிகிறது என்பதே நல்ல விஷயம்.

ஆனால் முக்கியமான சங்கதி வேறு. பழைய காதுமாட்டியில் அதே ரயிலில் அதே ஆல்பத்தைக் கேட்டபோது கைபேசி காட்டிய கணிப்பு 88 டெசிபல். இதில் 74. பாட்டு ஒன்றும் குறைவாகத் தெரியவில்லை. நான் இத்தனை நாளும் சத்தத்தை ஏற்றியது பாட்டுக்காக இல்லை, ரயிலுக்காக! கடைக்காரர்கள் இந்த வகை ஹெட்போனுக்கு "பேஸ் எப்படி இடிக்குது பாருங்க" என்றுதான் விளம்பரம் செய்கிறார்கள். மெதுவாகக் கேட்கலாம் என்று சொன்னால் விற்காது போல.

அதற்குள் 2020 டிசம்பர் 8-ஆம் தேதி ஆப்பிள் தன் ஏர்பாட்ஸ் மேக்ஸை அறிவித்தது. அப்போது விலை 549 அமெரிக்க டாலர், அன்றைய நம் காசில் 2,200 ரிங்கிட்டுக்கு மேல். நான் இன்னும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. ஆனால் எடை 384.8 கிராம் என்று அவர்களே போட்டிருக்கிறார்கள். சோனி 254. நாலு மணி நேரம் தலையில் சுமக்கிறவனுக்கு அந்த வித்தியாசம் கழுத்தில் தெரியும். உறையைப் பார்த்து இணையமே கைப்பை என்று சிரித்தது, நானும் சிரித்தேன். இசைக்காக 2,200 கொடுப்பவர்களை நான் தடுக்கவில்லை. செவித்திறன் சோதனைக்கு எனக்கு ஆனது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

சோனியையும் வாங்கவில்லை. அப்போது ஆயிரத்து ஐந்நூறு ரிங்கிட்டைச் சுற்றி வந்தது. மார்ச் மாத மறுசோதனை முடியட்டும் என்று நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ரயிலில் இப்போது பழைய காதுமாட்டியைச் சத்தம் குறைத்துக் கேட்கிறேன். பாதிப் பாட்டு ரயிலுக்குப் போய்விடுகிறது, போகட்டும்.

மாநிலம் கடக்கலாம் என்று அறிவிப்பு வந்ததும் ஈப்போவுக்கு ஓடினேன். மாமா வந்திருந்தார். அந்தக் காலத்தில் லோரி ஓட்டியவர். இளையராஜா கேசட்டுக்குப் பக்கத்திலேயே சர்ச் குழுவின் 'இசபெல்லா'வையும் வைத்திருப்பார். எனக்கு ராக் பித்து பிடித்தது அந்த லோரியில்தான். ஜன்னலைத் திறந்துபோட்டு எஞ்சின் சத்தத்துக்கு மேலே பாட்டை ஏற்றி வைத்து ஓட்டுவார். இப்போது எதைச் சொன்னாலும் "ஆ?" என்கிறார். நான் குனிந்து அவர் காதருகே கத்திக்கொண்டிருந்தேன். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அவருக்குத்தான் கேட்கல. நீ ஏன்டா என்கிட்டயும் கத்துற?" என்றார். அம்மாவிடம் சோதனை விஷயத்தை இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை இந்தப் பத்தியைப் படித்துவிட்டு அழைப்பார்.

கூடத்தில் ஹெட்போன் குமிழில் வெள்ளை நாடா ஒட்டி, ஒரு கோடு போட்டிருக்கிறேன். அதைத் தாண்டக் கூடாது, இரண்டு பக்கமும் மாட்ட வேண்டும். முதல் வாரம் என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. எனக்கு அடுத்து வருபவர் ஒவ்வொரு நாளும் "என்ன அண்ணா, ஒண்ணுமே கேட்கல" என்று முனகிக்கொண்டே குமிழைத் திருகுவார்.

நேற்றுக் காலை போனபோது என் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இன்னொரு கோடு இருந்தது. நீல மையில். யார் போட்டது என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை.