சுவரில் படரும் பூசணம்

திருச்சி கே.கே. நகரிலிருந்து தாயார் ஒருவர் நமக்கு எழுதியுள்ளார். படுக்கையறையில் ஏ.சி. மாட்டிய சுவரில் கருந்திட்டுத் தோன்றியதாம். இரு முறை வண்ணம் பூசியும் சில மாதங்களில் மீண்டும் படர்ந்துவிட்டதாம். அவ்வறையில் உறங்கும் ஆறு வயது மகனுக்கோ இரவில் இருமலும் இளைப்பும். எந்த வண்ணம் பூசினால் கறை மறையும் என்று கேட்கிறார்.

எந்த வண்ணமும் அதனை மறைக்காது என்பதே நமது விடை. அது கறையன்று, பூசணம் என்னும் உயிர். ஈரம் உள்ளவரை அது வாழும். மேலே பூசும் வண்ணத்தையும் துளைத்துக்கொண்டு வெளிவரும்.

ஈரம் எங்கிருந்து வந்தது? குளிர்ச்சி தருவதற்கென்றே ஏ.சி. பிறந்ததாக நாம் எண்ணுகிறோம். 1902ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூக்ளின் பகுதியிலிருந்த அச்சகமொன்றில், காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமற்போயின. அக்குறை தீர வில்லிஸ் கேரியர் என்னும் இளம் பொறியாளர் வகுத்த அமைப்பே இன்றைய ஏ.சி.யின் முன்னோடி. ஆகவே, காற்றிலுள்ள நீரைப் பிரித்தெடுப்பது அதன் தொடக்க காலத் தொழில். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அந்நீர் மணிக்கு ஒரு லிட்டரைக்கூட எட்டும்.

இந்நீர் உள்பெட்டியின் தட்டில் விழுந்து வடிகுழாய் வழியே வெளியேற வேண்டும். குழாயைத் தூசியும் பாசியும் அடைத்தாலோ, பெட்டி தவறான பக்கம் சாய்ந்திருந்தாலோ, நீர் சுவருக்குள் இறங்கும். சல்லடை அழுக்கேறினால் உள்ளிருக்கும் சுருளில் பனி கட்டி, பின் உருகி வழியும். செம்புக் குழாயைப் போர்த்தும் கறுப்பு உறை கிழிந்தாலும் குழாய் வியர்த்துச் சொட்டும். மெக்கானிக் வந்தால் கேஸ் அளவை மட்டும் பார்த்துப் போய்விடாதபடி கவனியுங்கள். தட்டில் ஒரு குவளை நீர் ஊற்றி, அது வெளியே வடிவதைக் கண்முன் காட்டச் சொல்லுங்கள். அதற்கு முன் வண்ணக்காரருக்குக் கொடுக்கும் கூலி வீண்.

லேவியர் நூலின் 14ஆம் அதிகாரத்தை நம்மில் எத்தனை பேர் ஊன்றிப் படித்திருப்போமோ! வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ திட்டுக் கண்டால், வீட்டுக்காரரே சென்று குருவிடம் கூற வேண்டும். பொருள்களை அகற்றிய பின் குரு வந்து பார்ப்பார். ஏழு நாள் வீட்டைப் பூட்டிவைப்பார். திட்டுப் படர்ந்திருந்தால் அக்கற்களைப் பெயர்த்து நகருக்கு வெளியே எறிந்து, உட்சுவரைச் சுரண்டி, புதுக் கல் வைத்துப் பூச வேண்டும். மீண்டும் வந்தால் வீட்டையே இடிக்க வேண்டும்! நாம் வீட்டை இடிக்க வேண்டியதில்லை. ஆனால் காத்திருத்தல், சுரண்டுதல், பின்னரே பூசுதல் என்னும் அவ்வரிசை இன்றும் சரியே.

கசிவு நின்றபின் சுவர் நன்கு உலர விடுங்கள். அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். உதிரும் பூச்சை ஈரப்படுத்தியே சுரண்டுங்கள்; உலர்ந்ததைச் சுரண்டினால் பூசணத்தின் நுண்வித்துகள் அறையெங்கும் பறக்கும். மூக்கையும் வாயையும் இறுக மூடும் முகக்கவசம் அணியுங்கள். பிறகு சோப்பு நீரால் கழுவித் துடைத்து உலர்த்துங்கள். சுவரோடு ஒட்டிய மர அலமாரியின் முதுகையும் பார்க்க மறவாதீர்கள். பூசணம் ஊறிய பலகையையும் மெத்தையையும் கழுவிப் பயனில்லை, அகற்றிவிட வேண்டும். பிளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிட்டை ஒருபோதும் கலக்காதீர்கள். அதிலிருந்து எழும் குளோரின் வாயு நுரையீரலைப் புண்ணாக்கும்.

வாடகை வீடாயின் உரிமையாளரை நேரில் அழைத்துச் சுவரைக் காட்டுங்கள். "தண்ணீர்க் கறைதான்" என்று அவர் தட்டிக்கழித்தால், கசியும் இடத்தையும் காட்டுங்கள்.

இனி அச்சிறுவன். வீட்டு ஈரமும் பூசணமும் இளைப்பு நோயோடு தொடர்புடையவை என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. பூசணமே காரணம் என்று நாமாக முடிவுகட்டலாகாது. மருத்துவரிடம் இருமலை மட்டும் சொல்லாமல், சுவரின் நிலையையும் சொல்லுங்கள். வேலை முடிந்து சுவர் உலரும்வரை மகனை வேறு அறையில் உறங்க வையுங்கள், அந்த ஏ.சி.யையும் இயக்காதீர்கள்.