தொண்ணூறு கிலோமீற்றரும் ஒரு கட்டாக்காலியும்

இலண்டன் ஹரோ பகுதியில் வாழும் என் தங்கையின் மகள் சென்ற ஆண்டின் இறுதியில் தொலைபேசியில் அழைத்தாள். ஒரு மாத காலத்துக்குள் தன் நாயுடன் 60 மைல் நடக்கப் போவதாகவும், அந்த நடைக்கு நான் அனுசரணை வழங்க வேண்டுமென்றும் கேட்டாள். சேரும் பணம் கைவிடப்பட்ட விலங்குகளைப் பராமரிக்கும் ஒரு நிறுவனத்துக்குப் போகுமாம். "மைலுக்கு எவ்வளவு தருவீங்கள் மாமா?" என்றாள். நாயை நடத்துவது நாய் வைத்திருப்பவரின் அன்றாடக் கடமை. அதற்கு நான் ஏன் பணம் தரவேண்டும் என்று கேட்டேன். பத்திரிகைத் தொழிலில் ஐம்பது வருடம் இருந்தவனுக்கு எதையும் கேள்வியாகத் திருப்பிக் கேட்கும் பழக்கம் போவதில்லை. அவளோ, "அப்படியென்றால் நீங்களே கொழும்பில் நடந்து பாருங்கோவன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அந்த வார்த்தை என்னை விடவில்லை. எழுபத்து மூன்று வயதில், இனிப்பு வியாதிக்காக நடக்கும்படி வைத்தியர் சொல்லி நான் நடக்காமலிருந்த காலம் அது. முப்பது நாள், நாளுக்கு மூன்று கிலோமீற்றர், மொத்தம் தொண்ணூறு என்று கணக்கிட்டு நண்பர்களுக்குக் கடிதம் எழுதினேன். சேரும் பணத்தில் எங்கள் ஒழுங்கையிலும் அயலிலுமுள்ள பெண் நாய்களுக்குக் கருத்தடையும், எல்லா நாய்களுக்கும் விசர்நாய்த் தடுப்பூசியும் செய்விப்பதாக வாக்களித்தேன். ஒரே ஒரு குறை, என்னிடம் நாய் இல்லை. 1983 ஜூலைக்குப் பிறகு எங்கள் வீட்டில் நாய் வளர்க்கவில்லை. அதன் காரணத்தை இன்னொரு நாள் எழுதுவேன்.

நாய் வெள்ளவத்தையிலேயே கிடைத்தது. எங்கள் தொடர்மாடியின் வாசலில் படுத்திருக்கும் செம்பட்டை நிறப் பிராணிக்கு மூன்று பெயர்கள் உண்டு. காவலாளி அதைச் 'சுது' என்று அழைப்பார். அது வெள்ளை நிறமல்லவே என்றால், குட்டியாக இருக்கும்போது வெள்ளையாக இருந்தது என்பார். மேல்மாடிப் பிள்ளைகளுக்கு அது ரெக்ஸ். மூலையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நண்பர் பெயர் சொல்லி அழைப்பதில்லை. நாயைத் தொடுவது அவருக்கு முறையல்ல. ஆனால் கடையின் பின்புறம் ஒரு சட்டியில் தண்ணீர் தவறாமல் இருக்கும். தாகத்தில் நாக்குத் தள்ளிய நாய்க்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தவர் மன்னிப்புப் பெற்ற கதை நபிமொழித் தொகுப்புகளில் இருப்பதை எனக்குச் சொன்னவர் அவரே. எனது பட்டியலில் முதலாவதாகக் கையொப்பமிட்டவரும் அவரே. கிலோமீற்றருக்கு நூறு ரூபா.

நம்மவர்களிடமிருந்து வந்த பதில்களைப் பற்றி எழுத வேண்டும். பணம் தந்தவர்களை விட அறிவுரை தந்தவர்களே அதிகம். "மனிதனுக்கே சோறில்லாத நாட்டில் நாய்க்கு நடையா?" என்பது பெரும்பாலோரின் கேள்வி. கேட்டவர்களில் இருவர் சென்ற வருடம் பிள்ளையின் பூப்புனித நீராட்டு விழாவுக்கு மண்டபம் எடுத்து ஐந்நூறு பேருக்கு விருந்து வைத்தவர்கள் என்பதை இங்கே சொல்லாமலிருக்க முடியவில்லை. இந்தக் கேள்வி புதியதுமல்ல. 1860இல் மேரி டீல்பி என்ற பெண்மணி இலண்டனில் தெருநாய்களுக்கு ஒரு புகலிடம் திறந்தபோது, அந்நாட்டின் பெயர்போன தினசரியான 'த டைம்ஸ்' இதே பாணியில்தான் அதை ஏளனம் செய்தது. அந்தப் புகலிடமே பின்னர் பற்றர்சீக்கு இடம் மாறி இன்றும் இயங்குகிறது.

நம்மவர்களுக்கு நேர்த்திக்காக நடப்பது அந்நியமானதல்ல. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை வாரக்கணக்கில் கால்நடையாகப் போகும் மரபு நம்முடையது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை சுமார் 670 கிலோமீற்றர் நடந்து, தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை ஒன்றை அமைக்கப் பணம் திரட்டினார்கள். 2016இல் அதே தூரத்தை எதிர்த் திசையில் நடந்து காலி கராப்பிட்டியவுக்குத் திரட்டினார்கள். அப்போது எவரும் நடைக்கு ஏன் பணம் என்று கேட்கவில்லை. நாய் என்றவுடன்தான் கேள்வி பிறக்கிறது. யாழ்ப்பாணத்தில் மரத்தடிக்கு ஒரு வைரவர் சூலம் உண்டு. அவருக்கு வடைமாலை சாத்துகிறோம், அவருடைய வாகனத்துக்குக் கல்லெறிகிறோம். தருமருடன் கடைசிவரை நடந்தது ஒரு நாய் என்று பிரசங்கத்தில் கேட்டுக் கண்ணீர் விட்டவர்கள், கோவில் வாசலில் படுத்திருப்பதைக் குடையால் தட்டிவிட்டுப் போகிறார்கள்.

எனக்கு இவ்விடயத்தில் பிடிவாதம் ஏற்பட வேறொரு காரணம் உண்டு. நான் பிறந்து வளர்ந்தது கொட்டாஞ்சேனை, ஜெம்பெட்டா வீதியை அண்டிய ஒரு தோட்டத்தில். அறுபதுகளின் தொடக்கம். ஒரே குழாயடி, வரிசையாகப் பதினைந்து வீடுகள். எனக்கு இரண்டு வீடு தள்ளியிருந்த சிறுவனும் நானும் ஒரே வகுப்பு. ஒரு குட்டி நாய் அவனுடைய கணுக்காலில் பல் பதித்தது. கடி என்று சொல்ல முடியாத சிறு கீறல், இரண்டு சொட்டு இரத்தம். அக்காலத்தில் விசர்நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. அந்த ஊசிக்குப் பயந்து அவனுடைய தாயார் விஷகடி பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோய் மருந்து கட்டுவித்தார். புண் ஆறியது. நாங்கள் பட்டம் விட்டோம். ஏறக்குறைய ஆறு வாரம் கழித்து ஒரு காலையில் அவனால் தேநீர் குடிக்க முடியவில்லை. கோப்பையைக் கண்டதும் தொண்டை இறுகியது. குழாயடியில் தண்ணீர் விழும் சத்தத்துக்கே அவன் உடல் தூக்கிப் போட்டது. மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. நோய்க்குறி தோன்றிய பின் இந்நோய்க்கு மருந்தில்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை என்றே சொல்லவேண்டும்.

அடுத்த வாரம் நாய் பிடிக்கும் வண்டி எங்கள் தோட்டத்துக்கு வந்தது. கம்பிச் சுருக்குடன் இறங்கியவர்கள் கண்ணில் பட்ட நாய்களையெல்லாம் இழுத்துப் போனார்கள். கடித்த குட்டி எங்கேயென்று எவருக்கும் தெரியாது. பிடிபட்டவற்றில் அந்தச் சிறுவனின் வீட்டு நாயும் ஒன்று. அதன் பின் சில மாதங்களில் பக்கத்துத் தெருக்களின் நாய்கள் எங்கள் குப்பைமேட்டைத் தேடி வந்து குடியேறின. அவற்றில் ஒன்றுக்கேனும் ஊசி ஏற்றப்படவில்லை.

1893ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடிச் சட்டம் தொடக்கம் நூறு வருடத்துக்கு மேலாக இந்நாட்டில் நாய்களைக் கொன்று நோயை ஒழிக்கலாமென்று நம்பினார்கள். 1973இல் நான் பயிற்சி நிருபராகப் பேனா பிடித்த வருடம், இந்நோயால் இலங்கையில் 377 பேர் மாண்டார்கள். அவற்றில் சிலவற்றை நான் ஒற்றைப் பத்தியில் நான்கு வரியாக எழுதியிருப்பேன். இன்று அந்த எண்ணிக்கை ஆண்டுக்கு ஐம்பதுக்கும் கீழே. நாய்களுக்கு ஏற்றிய தடுப்பூசியும், கடியுண்டவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் இலவசமாகக் கிடைக்கும் நல்ல ஊசியுமே அதைக் கீழிறக்கின. 2006இல் அரசாங்கம் கொல்வதை நிறுத்தும் கொள்கைக்கு வந்தது. 2007 முதல் 2012 வரை புளூ போ ட்ரஸ்ட் என்ற அமைப்பு கொழும்பு மாநகரசபையுடன் சேர்ந்து நாய்களைப் பிடித்து, ஊசி ஏற்றி, கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விட்டது. 2001இல் மாநகர எல்லைக்குள் 43 ஆக இருந்த நாய்விசர்ச் சம்பவங்கள் 2011இல் 2 ஆகின. ஊசி போட்ட நாய் தன் தெருவில் இருந்தால் ஊசி போடாத நாய் உள்ளே வராது. தெருவின் காவற்காரன் அதுதான். பத்தில் ஏழு நாய்களுக்கு ஊசி ஏற்றினாலே நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆகவே நாய்க்குச் செலவிடும் பணம் பிள்ளைக்குச் செலவிடும் பணமே என்பது என் வாதம். இதை நான் கருணையின் பெயரால் சொல்லவில்லை. எனக்கு நாய்களிடத்தில் பெரிய கருணை இருந்ததுமில்லை.

இனி நடைக்கு வருவோம். தெருநாயைக் கயிற்றில் கட்டி மரின் டிரைவில் நடத்திச் செல்வது பற்றி இலண்டன்காரர்களுக்கு எதுவும் தெரியாது. முதல் நாள் கழுத்துப்பட்டியை மாட்டியதும் சுது தரையில் அமர்ந்துவிட்டது. இழுத்தால் படுத்தது. காவலாளி சிரித்துக்கொண்டே, "மாத்தயா, அது வேலைக்குப் போகும் நாய் இல்லை" என்றார். இரண்டாம் நாள் பிஸ்கட் உதவியது. ஒழுங்கை முனைவரை வந்தது. அதற்கப்பால் அதன் நாடு முடிகிறது. அடுத்த ஒழுங்கையின் நான்கு நாய்கள் எல்லையில் வந்து நின்று குரைத்தன. முட்கம்பியும் சோதனைச் சாவடியும் இல்லாமலே அவ்வளவு கண்டிப்பான எல்லை. இந்த நகரத்தில் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையுடன் நின்ற காலம் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு ஒழுங்கைக்கும் பிஸ்கட் வரி கட்டியே முன்னேற வேண்டியிருந்தது. வெயிலும் ஒரு பிரச்சினை. எட்டு மணிக்குப் பின் தார் வீதியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், ஐந்து வினாடி தாங்க முடியவில்லை. அதில் நாயைப் படம் பிடிப்பதற்காக நடத்துகிறவர்களுக்குத் தண்டனை வேண்டும். ஆகவே அதிகாலை ஐந்தேகாலுக்குப் புறப்படுவோம். கடற்கரை ரயில்கள் ஓடத் தொடங்கும் நேரம். முதல் ரயில் கடக்கும்போது சுது என் காலுக்கிடையில் புகுந்துகொள்ளும்.

முப்பது நாள் முடிவில் கணக்கைப் பார்த்தேன். மழை இரண்டு நாள், என் முழங்கால் மூன்று நாள், முதல் வாரத்து மறியல் என எல்லாம் கழித்து எழுபத்தொரு கிலோமீற்றர். தொண்ணூறு என்று எழுதிவிடலாம், யார் அளந்தார்கள் என்று ஒரு நண்பர் ஆலோசனை கூறினார். எழுபத்தொன்று என்றே எல்லோருக்கும் அறிவித்தேன். சிலர் அதற்குரிய தொகையைச் சரியாகக் கணக்கிட்டு அனுப்பினார்கள். சாப்பாட்டுக் கடை நண்பர் தொண்ணூறுக்கும் தந்தார். மீதிப் பத்தொன்பதையும் பிறகு நடந்துவிடுங்கள் சேர் என்றார். இலண்டன் மருமகள் தன் 60 மைலை முடித்துவிட்டு எனக்கும் ஒரு தொகை அனுப்பினாள். நானும் அவளுக்கு அனுப்பினேன். நாணய மாற்று விகிதத்தில் இலாபம் எனக்குத்தான்.

ஒரு மிருக வைத்தியர் தம் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டார். ரீசேட்டும் இல்லை, பதாகையும் இல்லை, பிரதம விருந்தினரும் இல்லை. அதனால் பதினொரு பெண் நாய்களுக்குச் சத்திரசிகிச்சை செய்ய முடிந்தது. ஊசி முப்பத்தைந்துக்கு. சுதுவும் பெண் என்பது அன்றுதான் மேல்மாடிப் பிள்ளைகளுக்குத் தெரியவந்தது. ரெக்ஸ் என்ற பெயரை மாற்ற அவர்கள் மறுத்துவிட்டார்கள்.

இதை வாசிக்கும் பெற்றோருக்கு ஒன்று: பிள்ளையை நாயோ பூனையோ கீறினாலும், குட்டிதானே என்று எண்ணாமல், சவர்க்காரமிட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். இப்போது தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி கிடையாது.

மீதிப் பத்தொன்பது கிலோமீற்றரை அடுத்த மாதம் கொட்டாஞ்சேனையில் நடப்பதாக இருக்கிறேன். ஜெம்பெட்டா வீதித் தோட்டத்தில் இப்போது மாடிக் கட்டடம் நிற்கிறது. குழாயடி இருந்த இடத்தில் மூன்று நாய்கள் படுத்திருப்பதைச் சென்ற ஞாயிறு பார்த்து வந்தேன். எதன் கழுத்திலும் ஊசி போட்டதற்கான பட்டி இல்லை. துணைக்கு வருவதாக, என்னோடு பணியாற்றி ஓய்வுபெற்ற ஒப்புநோக்குநர் ஒருவர் சொல்லியிருக்கிறார். காலை ஐந்தரைக்கு புனித லூசியாள் பேராலய வாசலில் சந்திப்பதாக ஏற்பாடு. நாற்பது வருடத்தில் அவர் எதற்கும் நேரத்துக்கு வந்ததில்லை.