இலையானின் முட்டையும் எங்கள் வயிறும்

பிள்ளையின் மலத்தில் வெள்ளைப் புழுக்கள் நெளிவதைக் கண்டால் எந்தத் தாய்க்கும் நெஞ்சு பதறும். உடனே பூச்சிக் குளிசை கொடுப்போம். மீண்டும் புழுவைக் கண்டால் மீண்டும் குளிசை. ஆனால் மலத்தில் காண்பவை எல்லாம் குடற்புழுக்கள் அல்ல. சில, இலையானின் புழுக்கள்.

நூற்புழு வெள்ளை நூல்துண்டு போல மெல்லியது. வட்டப்புழு மண்புழு போல நீளமானது. இலையான் புழுவோ குறுகிக் கொழுத்தது. உடலில் வளையங்கள் இருக்கும். ஒரு முனை கூராகவும் மறுமுனை தட்டையாகவும் இருக்கும்.

வீட்டு இலையான் ஒரு தடவையில் ஏறத்தாழ நூறு முட்டைகள் இடும். அவை ஒரு நாளுக்குள் பொரித்துவிடும். இறைச்சி இலையான் முட்டைக்குப் பதிலாக உயிருள்ள புழுக்களையே இடும். மூடாத கறி, மீன், கனிந்து வெடித்த பழம் ஆகியவற்றுடன் இவை வயிற்றுக்குள் போகின்றன. பெரும்பாலானவை இரைப்பையின் அமிலத்தில் இறந்துவிடும். தப்பியவை மலத்துடன் வெளிவரும். சிலருக்கு வயிற்றுவலி, வாந்தி, வயிற்றோட்டம் வரலாம். பலருக்கு ஒன்றுமே தெரியாது. இவை குடலுக்குள் பெருகுவதில்லை. ஆகவே பயம் வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். திறந்த சட்டியில் கிடந்த மலத்தில் இலையான் பிறகு வந்தும் புழு வைத்திருக்கலாம். எனவே சுத்தமான, காய்ந்த போத்தலில் புதிய மலத்தை எடுத்து, உடனே மூடி, மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். இரத்தம் போனாலும், வாந்தி நிற்காவிட்டாலும் தாமதிக்கக் கூடாது.

போரில் காயப்பட்டோரையும் படுக்கையில் இருப்போரையும் பராமரிக்கும் சகோதரிகள் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். ஆறாத புண்ணிலும் படுக்கைப் புண்ணிலும் இலையான் புழு வைக்கும். அவை தசைக்குள் புகுந்துவிடவும் கூடும். புண்ணைத் துணியால் மூடி வையுங்கள். புழுவைக் கண்டால் கைவைத்தியம் செய்யாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மலசலம் பட்ட துணியை உடனுக்குடன் மாற்றுங்கள்.

தடுக்கும் வழி எங்கள் கையிலேயே உள்ளது. சமைத்ததை மூடுங்கள். மிஞ்சியதை நன்றாகக் கொதிக்க வைத்த பின்பே உண்ணுங்கள். பழத்தைக் கழுவி, வெட்டிப் பார்த்துக் கொடுங்கள். மலசலகூடக் குழிக்கு மூடி போடுங்கள். குப்பையைப் புதையுங்கள். சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள். ஒரு மூடிக்குச் செலவாகும் பணம், ஒரு நாள் மருத்துவமனைப் பயணத்தை விடக் குறைவு.