காலத்தை வென்றது கவிதையா, படியெடுத்த கையா?

"நல்ல கவிதைக்கு அழிவில்லை" என்று நம் மேடைகளில் அடிக்கடி முழங்கக் கேட்கிறோம். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமை வாய்ந்த சங்கப் பாடல்கள் இன்றும் நம் கைகளில் இருப்பதே அதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. கேட்பதற்கு இனிமையான கூற்றுத்தான். ஆயினும் அது பாதி உண்மையே என்பது என் கருத்து.

மீதிப் பாதியைப் பனையோலை சொல்லும். நம் மண்ணின் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் கரையானுக்கும் தப்பி ஓர் ஏட்டுச்சுவடி சில நூற்றாண்டுகளே நிலைக்கும். ஒரு சுவடி இற்றுப்போகுமுன் யாரோ ஒருவர் அதைப் பார்த்து எழுத்தாணியால் மற்றொன்றை எழுதினார். அந்தச் சங்கிலி அறுபடாத நூல்களே நமக்குக் கிடைத்தன. ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாகக் கிடைக்கவில்லை. சில பாடல்களே எஞ்சின. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. அவற்றைப் பாடிய புலவர்கள் ஏனையோரினும் தாழ்ந்தவர்கள் என்று யாரால் சொல்ல முடியும்? காலம் தரம் பார்த்து விட்டுவைப்பதில்லை.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சங்கிலியைக் காத்தவர்கள் பதிப்பாசிரியர்கள். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி அலைந்து, 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றினார். அப்போதே புறநானூற்றுப் பாடல்கள் சில சிதைந்திருந்தன. இரண்டு அறவே கிடைக்கவில்லை. இன்னும் ஒரு தலைமுறை தாமதித்திருந்தால் எவ்வளவு எஞ்சியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அச்சு வந்ததனால் மட்டும் ஆபத்து நீங்கிவிடவில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறிடத்தில் படியுள்ள நூல்களை மீண்டும் சேர்க்க முடிந்தது. ஒரே படியாக இருந்தவை மீளவில்லை. கணினித் துறையில் நாங்கள் முதலில் கற்கும் பாடமும் இதுவே: ஒரே இடத்தில் உள்ள ஒரே படி, பாதி இழந்த பொருளுக்குச் சமம்.

எல்லாம் கணினிக்கு வந்துவிட்டன, இனிக் கவலையில்லை என்போரும் உளர். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளமும் தன்னார்வலர் உழைப்பால் செய்துள்ள பணி போற்றற்குரியது. ஆனால் தொடக்கக்காலத் தமிழ்க் கோப்புகள் வெவ்வேறு எழுத்துருக் குறியேற்றங்களில் இருந்தன என்பதை மறந்துவிடலாகாது. ஒருங்குறிக்கு மாற்றப்பட்டவை பிழைத்தன. மற்றவை இன்று திரையில் பொருளற்ற குறிகளாகத் தோன்றுகின்றன. ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டபோது அங்கிருந்த தமிழ்ப் பக்கங்களும் இடமிழந்தன. வன்தட்டும் ஓர் ஓலைதான். அதன் ஆயுள் ஓலையினும் குறைவு.

இங்குதான் புலம்பெயர்ந்த தமிழராகிய நம் பொறுப்பு வருகிறது. 1980களிலிருந்து ஐரோப்பாவிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் எத்தனையோ சிற்றிதழ்களும் கவிதைத் தொகுதிகளும் ஆண்டுமலர்களும் வெளிவந்தன. போரையும் பிரிவையும் பனியையும் பாடிய அக்கவிதைகள் பல, இன்று வீட்டு நிலவறைப் பெட்டிகளில் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்தவர்கள் மறைந்ததும், தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகள் அப்பெட்டிகளை என்ன செய்வார்கள்?

"எல்லாமே காக்கத் தகுந்தவையா?" என்று சிலர் வினவலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் நாளைய வாசகர்கள். அவர்கள் தேர்ந்தெடுப்பதற்கு ஏதேனும் எஞ்சியிருக்கச் செய்வதே நம் கடமை.

ஆகவே ஒவ்வொரு தமிழ்ச் சங்கமும் தன் கலைவிழாச் செலவில் ஒரு சிறு பங்கை இதற்கென ஒதுக்க வேண்டும். எழுதியவரின் ஒப்புதலுடன் அந்நூல்களை வருடிப் படமாக்கி, இரு வேறு நாடுகளிலேனும் படிகள் வைக்க வேண்டும். தமிழ்ப் பள்ளிகளில் அவற்றுள் ஒரு கவிதையையாவது பிள்ளைகள் உரக்கப் படிக்க வேண்டும். படிப்பாரற்ற கோப்பும் கரையான் அரித்த ஏடும் ஒன்றே.

கவிதை காலத்தை வெல்லும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒவ்வொரு தலைமுறையிலும் அதற்கு ஒரு கை வேண்டும். இத்தலைமுறையில் அந்தக் கை நம்முடையதாக இருக்கட்டும்.