ஆண்டவன் உத்தரவும் அங்காடி விலையும்

மேனாட்டார் ஜடப்பொருளைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் என்றும், கீழ்நாட்டாராகிய நாமோ பொருளைத் துச்சமாக எண்ணி ஆத்மாவை நாடுகிறவர்கள் என்றும் நம் பண்டிதர்களும் பிரசங்கிகளும் வெகுகாலமாய்ப் பெருமை பேசி வருகிறார்கள். இந்தப் பெருமை எவ்வளவு தூரம் உண்மை என்று பார்க்க விரும்புகிறவர்கள் காசிக்கோ இராமேசுவரத்துக்கோ போக வேண்டியதில்லை. காங்கேயத்துக்கு அருகிலுள்ள சிவன்மலைக்குப் போய் வந்தால் போதும்.

அம்மலையிலுள்ள சுப்பிரமணியசுவாமி கோயிலில் "ஆண்டவன் உத்தரவுப் பெட்டி" என்று ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. யாராவது ஒரு பக்தருடைய கனவில் சுவாமி தோன்றி, இன்ன சாமானைப் பெட்டியில் வை என்று சொல்லுவாராம். பக்தர் வந்து சொன்னதும், சுவாமி முன் பூ வைத்துக் கேட்டு, உத்தரவு கிடைத்தால் அந்தச் சாமானைப் பெட்டியில் வைத்துப் பூசை நடத்துவார்கள். அடுத்த பக்தருக்கு அடுத்த கனவு வரும் வரையில் அது அங்கேயே இருக்கும். தண்ணீர், மண், தங்கம், மஞ்சள், சைக்கிள், துப்பாக்கி எல்லாம் இப்படி உள்ளே போய் வந்தவைதான். பெட்டிக்குள் போன பொருளை ஒட்டி உலகத்தில் ஏதோ நடக்கப் போகிறது என்பது ஜனங்களின் நம்பிக்கை. பொருளைத் துறந்ததாகச் சொல்லப்படும் நாட்டில் கடவுளே தரகுமண்டி வைத்து நடத்துகிறார்!

ஏதோ நடக்கும் என்றால் என்ன நடக்கும்? விலை ஏறினாலும் பலித்ததென்கிறார்கள், இறங்கினாலும் பலித்ததென்கிறார்கள். பஞ்சம் வந்தாலும் சரி, பெருக்கு வந்தாலும் சரி. ஆறு மாதத்தில் ஏறாமலும் இறங்காமலும் கிடக்கும் சரக்கு உலகத்தில் எது? இந்தச் சோசியத்துக்கு மலை எதற்கு, முருகன் எதற்கு?

கொங்கு நாட்டார் ஏமாளிகள் அல்லர். காங்கேயம் காளை வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, துண்டுக்குள் விரல் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். (சுழி பார்க்கும் மடமையும் உண்டு; அது வேறு விஷயம்.) கோயமுத்தூர்ப் பட்டறையில் லேத்து ஓட்டுகிறவன் நூலிழை பிசகினாலும் கண்டுபிடித்து விடுவான். அவனே ஆயுதபூசையன்று அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து விழுந்து கும்பிடுகிறான். பொருளைத் துச்சமாக நினைப்பதா இது? வருஷமெல்லாம் ஆராய்ந்து கையாண்ட பொருளை ஒரு நாளைக்கு ஆராயாமல் கும்பிடுவதல்லவா?

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். மஞ்சள் ஒன்பது பத்து மாதப் பயிர். பெட்டியில் மஞ்சள் ஏறிய செய்தி கேட்டு, விலை உயருமென்று ஒரு குடியானவன் கடன்பட்டுச் சரக்கை இருப்பு வைத்தால் அவன் கதி என்ன? எத்தனை ஏக்கரில் நட்டிருக்கிறார்கள், மழை எப்படி, கிடங்கில் பழைய இருப்பு எவ்வளவு, வடநாட்டு வியாபாரிகள் எவ்வளவு கேட்கிறார்கள் என்பதைக் கொண்டே ஈரோட்டில் விலை முடிகிறது. கணக்குத் தப்பினால் வட்டி கட்ட மலையிலிருந்து யாரும் இறங்கி வரப்போவதில்லை.

நிற்க. பெட்டிக்காரர்களுடைய பெரிய அத்தாட்சி சுனாமி. அதற்கு முன் பெட்டியில் தண்ணீர் இருந்ததாம். 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி காலை சுமார் ஆறரை மணிக்குச் சுமத்ரா அருகில் கடலடியில் பூமி அதிர்ந்தது. அலை நம் கரைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நாகப்பட்டினம் ஜில்லாவில் மட்டும் 6000 பேருக்கு மேல் மாண்டார்கள். எல்லாம் தெரிந்த ஆண்டவன் கொங்கு நாட்டு மலைமேல் ஒரு செம்புத் தண்ணீரை வைக்கச் சொன்னாரேயொழிய, கடற்கரையிலிருந்த ஒரு மீனவனுக்காவது "பிள்ளையைத் தூக்கிக் கொண்டு ஓடு" என்று சொன்னாரா? 2007-ல் ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் ஏற்பட்டது. கடலடியில் நீரின் அழுத்தத்தை அளக்கும் கருவிகள் அதற்குத் தகவல் அனுப்புகின்றன. அவை யாருடைய கனவுக்கும் காத்திருப்பதில்லை.

கோயிலாருக்கு நாம் ஒன்று சொல்லுகிறோம். அடுத்த சாமானை வைக்கும் நாளிலேயே, அது ஏறுமா இறங்குமா, எத்தனை நாளைக்குள் என்று பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் எழுதி வைக்கட்டும். பலித்ததையும் பலிக்காததையும் அதிலேயே வரிசையாய்க் குறித்து வரட்டும். பலகைக்கும் சுண்ணாம்புக் கட்டிக்கும் ஆகும் செலவை நாமே கொடுத்து விடுகிறோம்.