காதுக்கு அச்சு எடுத்த இயர்போனா, சாதாரண ரப்பர் டிப்பே போதுமா?

"டாக்டர், காதை அளவெடுத்து நமக்குன்னே செஞ்சு தர்ற இயர்போன் வாங்கினா காது கெடாதாமே?"

இந்தக் கேள்வி இப்போ அடிக்கடி வருது. பல ஆயிரம் ரூபாய் விஷயம். அதனால் விரிவாகவே பேசிடுவோம், நண்பர்களே.

என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். நம்மில் பெரும்பாலானோருக்கு அது தேவையில்லை.

1) காதைக் கெடுப்பது எது?

எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம். இந்த இரண்டும்தான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பெரியவர்கள் 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். அதே சத்தம் 90 டெசிபலாக ஏறினால் வாரத்துக்கு வெறும் 4 மணி நேரம்தான்! சிறுவர்களுக்கு இந்த வரம்பு இன்னும் குறைவு.

உட்காதில் இருக்கும் மயிரிழைச் செல்கள் ஒருமுறை செத்துப்போனால் திரும்ப முளைக்காது.

2) அப்போ அச்சு என்ன செய்யும்?

காதை நன்றாக அடைத்துக்கொள்ளும். பஸ் இரைச்சல் உள்ளே வராததால் குறைந்த வால்யூமிலேயே பாட்டு தெளிவாகக் கேட்கும். நல்ல விஷயம்தான். ஆனால் சரியான அளவு ரப்பர் டிப்போ, ஸ்பாஞ்ச் டிப்போ போட்டாலும் இந்தப் பலன் பெருமளவு கிடைத்துவிடும். அச்சு எடுத்த இயர்போனிலும் ஃபுல் வால்யூம் வைத்தால் காது கெடத்தான் செய்யும்.

3) டிப் சரியாகப் பொருந்தியிருக்கிறதா?

* காது மடலை மேலே, பின்னால் லேசாக இழுத்துப் பிடித்துப் போடுங்க.
* பாட்டில் அடித்தாளம் கேட்கவே இல்லையா? காற்று கசியுது, அடுத்த அளவை மாத்துங்க.
* வாயை அசைத்தால் கழன்று விழக் கூடாது. வலிக்கவும் கூடாது.
* வலது காதும் இடது காதும் ஒரே அளவில் இருக்கணும்னு இல்ல. வேறு வேறு அளவு போடலாம், தப்பில்ல.

4) யாருக்கு அச்சு தேவை?

மேடைப் பாடகர்கள், வாத்தியக்காரர்கள், தினமும் பல மணி நேரம் ஒலிப்பதிவு வேலை பார்ப்பவர்கள், எந்த டிப்பும் காதில் நிற்காதவர்கள். இவர்கள் தாராளமாகச் செலவு பண்ணலாம்.

காது கேட்கும் கருவிக்கு எடுக்கும் அச்சு வேறு கதை. அது மருத்துவத் தேவை. மருத்துவர் சொன்னால் தள்ளிப்போடாதீங்க.

5) அச்சு எடுப்பதானால்

ஆடியாலஜிஸ்டிடம் மட்டும் எடுங்க. முதலில் காதுக்குள் பார்த்து, அழுக்கு இருந்தால் எடுக்கச் சொல்வார். பிறகு செவிப்பறைக்கு முன்னால் நூல் கட்டிய பஞ்சுத் தடுப்பை வைத்து, அதன்பிறகே சிலிக்கான் கலவையை விடுவார். அந்தத் தடுப்பு இல்லாமல், செவிப்பறையில் ஓட்டையும் இருந்தால், கலவை நடுக்காதுக்குள் போய் இறுகிவிடும். எடுக்க ஆபரேஷனே தேவைப்படலாம். ஆன்லைனில் கிட் வாங்கி வீட்டிலேயே ஊற்றிப் பார்க்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

6) இரண்டுக்கும் பொதுவானது

சீழ் வடிந்தாலோ, காது வலித்தாலோ எந்த இயர்போனும் போடாதீங்க. டிப்பை அடிக்கடி துடைச்சு காய வைங்க. ஒருத்தர் போட்டதை இன்னொருத்தர் போட வேண்டாம். வண்டி ஓட்டும்போது இரண்டுமே கூடாது. நன்றாக அடைக்கிற இயர்போன் பின்னால் வரும் லாரியின் ஹாரனையும் சேர்த்துத்தான் அடைக்கும்.

பாட்டு கேட்டு முடித்த பிறகும் காதில் 'கொய்ங்' என்று இரைச்சல் இருந்தால், அது காது கொடுக்கும் எச்சரிக்கை. அடிக்கடி வந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்து கேட்கும் திறனைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

அச்சுக்கு எடுத்து வைத்த பணம் பையிலேயே இருக்கட்டும். இன்னைக்கே போன் செட்டிங்ஸ்ல போய் வால்யூம் வரம்பைக் குறைச்சு வைங்க. அதுக்குச் செலவே இல்லை.